பேரைக் கொடுத்தவள்: ஒரு மாயக் கதையை எழுதி முடித்த அனுபவம்

கதையை முழுவதும் கேட்டுவிட்டு அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தப் புள்ளகிட்ட யாராவது ஒரு வார்த்த கேட்டாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பன்னிரண்டு பக்கம் வாசித்து முடித்திருந்தேன். மாயமலை ஒன்றைப் பகைவர் சூழ்ந்துகொள்கிறார்கள், மலையைக் காப்பாற்ற ஒரு வீட்டின் மூத்த பெண் தீயில் இறங்குகிறாள், தீ பெரிய ஒளியாக எழுந்து பகைவரைப் பொசுக்குகிறது, ஊர் பிழைக்கிறது. எழுதும்போது நானே அழுத இடம் அது. அக்கா அழவில்லை. உரித்துக்கொண்டிருந்த பூண்டைக் கீழே வைத்துவிட்டு அதைக் கேட்டாள், அப்புறம் உலையைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி தவறி அப்பாவின் காலில் பட்ட வருஷம் அது. அப்பா மாதக்கணக்கில் வேலைக்குப் போகவில்லை, அம்மாவின் ஒரு சம்பளத்தில் ஐந்து வயிறு நிறையவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அக்கா பள்ளிக்கூடச் சட்டையைப் போடாமல் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் மலைக்கு ஏறினாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அவளுடைய புத்தகப் பை அன்றைக்கே என்னிடம் வந்தது, எனக்கு அதில் சந்தோஷம்கூட. நான் இன்றைக்கு ஒரு ஆசிரியை என்றால் அந்தத் திங்கட்கிழமைதான் காரணம். இது எனக்கு எப்போதும் தெரியும். ஆனால் இவ்வளவு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கதையில் எவ்வளவு பொய்யாக எழுதியிருக்கிறேன் என்பது அக்கா கேட்டபோதுதான் உறைத்தது.

அந்தக் கதையைச் சரிசெய்ய எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. என்னிடம் படிக்கும் பிள்ளைகள் சிலர் இப்படிப்பட்ட கதைகளை எழுதிக்கொண்டு வருகிறார்கள், அவர்களும் நான் விழுந்த அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

முதலில் எனக்கு வழி காட்டியது மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற காமன் கூத்து. நாங்கள் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் ஊன்றினால் அப்புறம் ஊரில் வேறு பேச்சே இருக்காது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற கூத்துத்தான், ஆனால் அந்த வருஷம் ஒரு கதைகாரியாகப் போய் உட்கார்ந்து பார்த்தேன். யோசித்துப் பாருங்கள், அதுவும் முற்றுகைக் கதைதான். சூரபத்மனின் கொடுமையில் தேவலோகம் மூச்சுவிட முடியாமல் கிடக்கிறது, சிவனுக்கு ஒரு பிள்ளை பிறந்தால்தான் விடிவு, சிவனோ தவத்தில் இருக்கிறார். அந்தத் தவத்தைக் கலைக்க மன்மதனை அனுப்புகிறார்கள். போகாதே என்று ரதி தடுக்கிறாள். அவன் போகிறான், அம்பு விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, எரிந்து போகிறான்.

எரிவது எவ்வளவு நேரம்? கண்மூடித் திறக்கிற நேரம். அதற்குப் பிறகு ரதி அழுகிறாளே, அதுதான் நீளம். தப்புச் சத்தம் அடங்கி, பனி இறங்கி, பிள்ளைகள் தாய் மடியில் தூங்கிப்போன பிறகும் ரதியின் ஒப்பாரி ஓயாது, கிழவிகள் முக்காட்டுக்குள் மூக்கைச் சிந்துவார்கள். அவர்கள் அழுவது மன்மதன் எரிந்ததற்காக இல்லை, ரதி நிற்கிற நிலைக்காக. அப்புறம் சிவன் மனமிரங்கி அவனை எழுப்புகிறார், ஆனால் உருவம் இல்லாமல், ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. உயிர் திரும்பிக் கிடைக்கிறது, முழுசாகக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் பன்னிரண்டு பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். தீயில் இறங்குவதற்கு நாலு பக்கம், அதற்குப் பிறகு அந்த வீட்டில் மிஞ்சியவர்களுக்கு மூன்று வரி. இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுவதுதான் நான் செய்த முதல் வேலை. தியாகம் நடக்கிற இடத்தைச் சுருக்கி, அதற்கு முன்னால் இருக்கிற இரவையும் பின்னால் வருகிற வருஷங்களையும் விரித்தேன். கதை சொல்லும் குரலையும் மாற்றினேன். முன்னே எல்லாம் தெரிந்த ஒருவர் மேலே நின்று சொன்னார், இப்போது தங்கச்சி சொல்கிறாள், எட்டு வயதில் புரியாமல் பார்த்ததை நாற்பது வயதில் சொல்கிறாள். யாருக்காக அந்த உயிர் கொடுக்கப்பட்டதோ அவர் வாயால் கதை வரும்போது வாசிப்பவருக்கு ஒளிந்துகொள்ள இடமே இருப்பதில்லை, எழுதுகிற எனக்கும் இருக்கவில்லை.

அடுத்தது மாயம். நான் முதலில் எழுதிய கைப்படியில் மந்திரக்கோல், பறக்கும் பாம்பு, கோட்டை, வெள்ளைத் தாடி முனிவர் எல்லாம் இருந்தது, எங்கேயோ பார்த்ததை எல்லாம் அள்ளிப் போட்டிருந்தேன். எங்கள் மலையில் இல்லாத மாயமா? ஃபக்டரிச் சக்கரத்துக்கு ரோதை முனி என்று ஒரு சாமி உண்டு, கவ்வாத்துத் தொடங்கும்போது கவ்வாத்துச் சாமியைக் கும்பிடாமல் கத்தியைத் தொட மாட்டார்கள். மவுசாக்கலை அணைக்கட்டு 1969இல் கட்டி முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது, வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலின் இடிபாடு மேலே வந்து நிற்கும், அதைப் பார்க்கச் சனம் திரண்டு போகும். யாத்திரை சீசன் நாட்களில் இரவில் வாசலுக்கு வந்து நின்றால் 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாதமலையின் உச்சி வரைக்கும் படி விளக்குகள் வரிசையாகத் தெரியும். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பறக்கும் பாம்பை எங்கிருந்தோ கூட்டிக்கொண்டு வந்தேன்.

பிள்ளைகளுக்கு நான் இப்போது சொல்வது, மாயம் ஒன்று போதும், அதற்கு ஒரு விலை இருக்க வேண்டும், அந்த விலை கதையின் முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பது. கடைசியில் திடீரென்று 'ஒரு உயிர் கொடுத்தால்தான் மந்திரம் பலிக்கும்' என்று யாராவது சொன்னால் அது எழுதுகிறவரின் வசதிக்காகச் சொன்னது என்று வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

என் கதைக்கான விலை, வேலைக்கு வந்தவர்களைப் பதிகிற செக்ரோல் புத்தகத்திலிருந்து கிடைத்தது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்றுதான் சொல்வோம். சொன்ன கிலோவைப் பறித்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். "இன்னைக்கி அரப்பேரு போட்டுட்டாங்க" என்று அம்மா வந்து கூடையை இறக்குகிற சத்தத்திலேயே அன்றைய கணக்குத் தெரிந்துவிடும். அக்கா வேலைக்குப் போன முதல் இரண்டு வருஷம் அவளுக்கு வயது போதாது, பதிய முடியாது, அதனால் அவள் பறித்த கொழுந்தெல்லாம் அம்மாவின் கொழுந்தோடு சேர்த்து அம்மாவின் பேரிலேயே நிறுக்கப்பட்டது. இரண்டு வருஷம் வெயிலிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றவளுக்கு எந்தப் புத்தகத்திலும் பேர் இல்லை. இதை நினைத்த அன்றைக்கே தீயை வெட்டி எறிந்தேன். என் கதையில் மூத்தவள் உயிரைக் கொடுக்கவில்லை. பேரைக் கொடுக்கிறாள்.

முற்றுகையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் தவறு செய்தது அதில்தான். முற்றுகை என்றால் சண்டை என்று நினைத்திருந்தேன், வாளும் அம்பும் கூச்சலுமாக எழுதியிருந்தேன். முற்றுகை என்பது காத்திருப்பு. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் சூழ்ந்து நின்றதைச் சொல்கிற சங்கப் பாட்டில் என்ன வருகிறது? மலைக்குள்ளே சாப்பாடு வருகிறது. மூங்கில் நெல் இருக்கிறது, பலாப்பழம் இருக்கிறது, வள்ளிக்கிழங்கு இருக்கிறது, தேன் இருக்கிறது, உழாமலே இந்த நாலும் விளைகிற மலையை உங்களால் எடுக்க முடியாது என்று. கிளிகளைப் பழக்கி வெளியே இருந்து நெற்கதிர் கொண்டுவரச் செய்தார்கள் என்றும் கதை உண்டு. மலைக்காரனுக்கு எது மாயம் என்று எனக்கு அந்தக் கிளிகள் சொல்லிக் கொடுத்தன.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் பாதையில் மண் சரிந்து ஐந்து நாள் வாகனம் வரவில்லை. அப்போது எது எது எந்த வரிசையில் தீர்ந்தது என்று அக்காவிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதினேன். முதலில் பால்மா. அப்புறம் தீப்பெட்டி, இருந்த பெட்டியும் ஈரத்தில் நமுத்துப் போனது. மூன்றாம் நாள் அம்மாவின் பிரஷர் மாத்திரை. விறகு இருந்தது, ஆனால் எல்லாம் நனைந்திருந்தது, ஒரு தேத்தண்ணி வைக்க அரை மணி நேரம் ஊத வேண்டும். கோதுமை மா கடைசி வரைக்கும் இருந்தது, ரொட்டி சுட்டோம், ஆனால் உப்பு தீர்ந்துவிட்டது. உப்பில்லாத ரொட்டியை மூன்றாவது வேளை தின்னும்போது பெரிய மனுஷர்களுக்கே கண் கலங்குகிறது. மலையில் எவ்வளவோ விளையும், உப்பு விளையாது, அது கடலிலிருந்து வர வேண்டும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டதும் என் முற்றுகைக்கு உயிர் வந்தது: பகைவர் ஒரு அம்பும் விடுவதில்லை, ஆற்றங்கரையில் உப்பு வண்டிகளை மறித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படிக் கதை எழுத நினைக்கிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எத்தனை வீடு, எத்தனை வாய், என்ன கையிருப்பு, எது முதலில் தீரும், எது தீர்ந்தால் சனம் சண்டை பிடிக்கும். கதையில் அந்தக் கணக்கைச் சொல்லத் தேவையில்லை, எழுதுகிறவர் கையில் இருந்தால் போதும், வரிகள் தானாகவே கவனமாகிவிடும்.

அம்மாவிடம் கேட்டதும் உதவியது. எழுபதுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினியால் செத்தவர்கள் உண்டு. அம்மா அப்போது சின்னப் பிள்ளை. பாட்டி தன் ரொட்டியைப் பிய்த்துப் பிள்ளைகள் தட்டில் வைத்துவிட்டு, "எனக்கு வாய் கசக்குது" என்று சொல்வாராம். ஒவ்வொரு நாளும் வாய் கசக்குமா என்று அம்மா எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். இந்த வாய்க்கசப்பை அப்படியே கதையில் வைத்தேன். தியாகம் என்கிற வார்த்தையை என் கதையில் தேடினால் கிடைக்காது. முதல் படியில் பதினொரு இடத்தில் இருந்தது, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

மலையைப் பற்றி ஒரு விஷயம். முதலில் மலையைத் தாய் தாய் என்று எழுதியிருந்தேன், காப்பாற்றுகிற தாய். 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து இறங்கி, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை மூடியது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் கன மழை பெய்தால் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. தாய் என்று மட்டும் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் என் மூடுமலையின் பனி கேட்டதைக் கொடுக்கும், கேட்டதை வாங்கவும் செய்யும்.

வரலாற்றை எப்படிக் கையாள்வது என்பதில்தான் மிகவும் தடுமாறினேன். எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பற்றிச் செய்த ஒப்பந்தம், அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று பிரித்த கணக்கு, எல்லாவற்றையும் மாய நாட்டு அரசர்களாகவும் ஓலைகளாகவும் மாற்றி ஒரு படி எழுதினேன். சரியாக வரவில்லை. வாசிப்பவர் 'இது யாரு, அது யாரு' என்று விடுகதை அவிழ்க்கத் தொடங்கிவிடுகிறார், அந்த வீட்டுப் பிள்ளையை மறந்துவிடுகிறார். அந்தப் படியிலிருந்து ஒரே ஒரு அசைவை மட்டும் வைத்துக்கொண்டேன். தாத்தாவின் அண்ணன் ஒப்பந்தத்தில் இந்தியா போனவர். தலைமன்னாருக்குப் போகும் கோச்சியில் ஏறியவர் ஜன்னலோரம் இடம் இருந்தும் அங்கே உட்காராமல் நடுவில் போய் உட்கார்ந்தாராம், தம்பி முகத்தைப் பார்த்தால் இறங்கிவிடுவோம் என்று. தாத்தா ஸ்டேஷனில் நின்று வெறும் ஜன்னலுக்குக் கையசைத்தார். ஒப்பந்தத்தைப் பற்றி நான் படித்த எல்லாவற்றையும்விட அந்த வெறும் ஜன்னல் எனக்குப் பயன்பட்டது. உண்மை நடந்தது உண்மையாகவே இருக்கட்டும், அதைக் கட்டுரையாக எழுதுவோம். கதைக்குள் வரும்போது ஒரு கை, ஒரு ஜன்னல், அவ்வளவு வந்தால் போதும்.

சரி, கடைசியில் கதை என்னவாக நின்றது என்று சொல்கிறேன்.

மூடுமலையில் விடியற்காலையில், வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் தப்பு அடித்து ஒவ்வொரு வீட்டாரின் பேரையும் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பேரைப் பனி கேட்டு வைத்துக்கொள்ளும், அந்தப் பேருக்கு உரியவர்களை மூடிக் காக்கும். பனி மெலிந்தால் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் தன் பேரைக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் சாக மாட்டார். சாப்பிடுவார், வேலைக்குப் போவார், ஆனால் அவர் பேர் யார் நினைவிலும் நிற்காது, யாராலும் அவரைக் கூப்பிட முடியாது. இது முதல் பக்கத்திலேயே வந்துவிடும்.

ஆற்றங்கரையில் பகைவரின் தீப்பந்தங்கள் வரிசையாகத் தெரிகின்றன. சீசன் விளக்குகளை அப்படியே தலைகீழாக்கிக் கீழே இறக்கினேன். இந்தத் தடவை முறை வருவது கால் முடியாத அப்பாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு. அம்மா போகிறார். பேரை வாங்குகிற முனிச் சாமி அவரைத் திருப்பி அனுப்புகிறது: முந்திய ஒரு பஞ்சத்தில் பாதியைக் கொடுத்துவிட்டார், அவரிடம் இருப்பது அரைப்பேர்தான். மூத்தவள் போகிறாள். முனி அவளிடம் கேட்கிறது, சம்மதமா என்று.

முடியாது என்கிறாள்.

இதை எழுத எனக்கு நாலு மாதம் ஆனது. அவள் முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறாள், யாரும் அவளைத் திட்டவில்லை, அம்மா ரொட்டி கொடுக்கிறார், எல்லாரும் படுக்கிறார்கள். அன்றிரவு அவள் தன் சிலேட்டை எடுத்து ஈரத்துணியால் துடைக்கிறாள், அதில் எழுதியிருந்த தன் பேர் அழிய அழிய அழுகிறாள், தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போலக் கிடக்கிறாள். அதற்குப் பிறகு ஒரு நாள் காலியான உப்புச் சட்டியைத் தங்கச்சி நக்குவதை மூத்தவள் பார்க்கிறாள். ஒன்றும் சொல்லாமல் மேலே ஏறுகிறாள். முனி கேட்டதும் தலையசைக்கிறாள். இந்த இடம் அரைப் பக்கம்தான். பனி இறங்குகிறது, பகைவருக்கு வழி தெரியவில்லை, குளிரும் அட்டையும் தாங்காமல் மாதக் கடைசியில் பாசறையைப் பிரித்துக்கொண்டு போகிறார்கள், உப்பு வண்டி வருகிறது.

மிச்சம் ஆறு பக்கமும் அந்த வீடு. அப்பா தண்ணீர் கேட்க வாயைத் திறக்கிறார், யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொள்கிறார். அம்மா பானையைத் தட்டிச் சத்தம் போட்டு அவளைச் சாப்பிட அழைக்கிறார். தங்கச்சி ஒவ்வொரு விடியலிலும் வாசலில் நின்று தனக்குத் தெரிந்த பெண் பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறாள், எதற்காவது அக்கா திரும்புவாளா என்று.

எழுதும் முறையைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஆறாயிரம் வார்த்தையில் தொடங்கி இரண்டாயிரத்து இருநூறில் நிறுத்தினேன். ஒரே வீட்டை விட்டு வெளியே போகாததால்தான் அது முடிந்தது. அரசன், படைத்தலைவன், தூதுவன் எல்லாரையும் அனுப்பிவிட்டேன். பேச்சு வருகிற இடங்களில் லயத்துப் பேச்சை அப்படியே வைத்தேன், மாய நாடு என்பதற்காக யாரும் செந்தமிழில் பேசவில்லை. ஒவ்வொரு படியையும் சத்தமாக வாசித்தேன், அதுவும் வேலை செய்துகொண்டே கேட்கிற ஒருவருக்கு. கை நிற்கிற இடம் எது, நிற்காத இடம் எது என்று பார்த்துக்கொண்டே வாசித்தால் எதை வெட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

போன தை மாதம் கடைசிப் படியை அக்காவுக்கு வாசித்தேன். கூடைக் கயிறு நெற்றியில் அழுந்துகிறது என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, "நெத்தியில இல்ல தங்கச்சி, உச்சியில, துணிய மடிச்சு வச்சு அதுக்கு மேல" என்று திருத்தினாள். முடியாது என்கிற இடம் வந்ததும் அவள் கை நின்றது. "அத இன்னொருக்கா வாசி" என்றாள். வாசித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, மழையும் இல்லாத நாள், லயமே அமைதியாக இருந்தது.

அப்புறம் கேட்டாள். "அந்த சின்னவ எத்தன பேரு சொல்லிப் பாக்குறா?"

"நாப்பத்தி மூணு எழுதியிருக்கேன் அக்கா."

"எம் பேரு இருக்கா?"

இருக்கிறது என்றேன். எந்தப் பேரை எழுதினாய் என்று கேட்டாள், பிறப்புப் பதிவில் உள்ளதைச் சொன்னேன். அவள் தலையசைத்தாள். அது எழுதுவினைஞர் பிழையாக எழுதிய பேர், அந்தப் பேரில் வீட்டில் அவளை யாரும் கூப்பிட்டதே இல்லை. சின்னதில் அம்மா கூப்பிட்ட பேர் ஒன்று உண்டு, நான் பிறப்பதற்கு முன்னால் இருந்தது, எனக்கே தெரியாது. என் காதுக்கருகில் வந்து சொன்னாள்.

அன்றிரவே நாற்பத்து நாலாக அதைச் சேர்த்தேன்.